பெட்டி நம்மிடம்... சாவி அவர்களிடம்!

ஒரு பதிப்பாளர் பழைய நாவல் ஒன்றுக்கு மறுபதிப்பு போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2000-வாக்கில் வந்த புத்தகம். ஆயிரம் பிரதி விற்றுத் தீர்ந்து, எழுதியவரும் போட்டவரும் மறந்துபோன பிறகு, யாரோ எங்கோ அதைப் பாராட்டி எழுதிவிடுகிறார்கள். புத்தகக் காட்சிக்கு வருகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். பீரோவின் அடித்தட்டைத் துழாவினால் சிடி அகப்படுகிறது. மேலே மார்க்கர் பேனாவால் நாவலின் பெயர்; கீழே ‘ஃபைனல்’; அதற்கும் கீழே ‘ஃபைனல் கரெக்‌ஷன்’. சிடி போட வசதியுள்ள கணினியைத் தேடிப் பிடிக்கவே அரை நாள் ஆகிறது. நல்லவேளையாக சிடி ஓடுகிறது. உள்ளே பதினேழு ஃபைல்கள். ஒவ்வொன்றின் பெயருக்கும் வாலாக ‘பி65’.

மவுஸை இரண்டு தட்டுத் தட்டினால், ‘இதை எதில் திறக்கட்டும்?’ என்று கணினி நம்மையே கேட்கிறது.

அவை பேஜ்மேக்கர் 6.5 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த ஃபைல்கள். அலுவலகத்தில் இன்டிசைன் என்ற புதிய மென்பொருளில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அது கேள்விப்பட்ட பெயர், பார்த்ததில்லை. கடைசியில் பதிப்பாளர் என்ன செய்வார்? நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ பழைய பிரதி ஒன்றைப் பிடித்து, முதல் வரியிலிருந்து மறுபடி டைப் அடிக்கச் சொல்வார். மறுபடி மெய்ப்பு. முதல் பதிப்பின்போது எழுத்தாளர் கண் எரியத் திருத்திய பிழைகளில் பாதி திரும்பி வந்து உட்காரும். தன் காசில் செய்து, தன் பீரோவிலேயே வைத்திருக்கும் புத்தகத்துக்கு இரண்டாம் முறை கூலி கொடுக்கிறார்.

பதிப்பாளருக்கு வரும் அதே கோபம் உலகம் முழுக்க ஓவியர்களுக்கும் படத்தொகுப்பாளர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் அனிமேஷன் கலைஞர்களுக்கும் வந்திருக்கிறது. பத்து, பதினைந்து வருடம் ஒரு மென்பொருளை நம்பிச் சம்பாதித்தவர்களிடம் ஒரு நாள் கம்பெனி சொல்கிறது: ‘இனி இது கிடையாது.’ புலம்புகிறவர்களுக்கு எப்போதும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: ‘புதுசு வந்திருக்கே, கத்துக்கலாமே!’ அந்தப் பதிலில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. புதியதை யாரும் கற்றுக்கொள்வார்கள். பழைய வேலையின் கதி என்னாவது?

எம், கே, அரைப்புள்ளி, கே, எச்

பேஜ்மேக்கரின் பிறப்பே ஒரு மூடுவிழாவில்தான். பத்திரிகை அலுவலகங்களுக்குக் கணினி அமைப்புகள் செய்துகொடுத்த ஏடெக்ஸ் நிறுவனத்தை கோடாக் வாங்கியது. பிறகு அமெரிக்காவின் ரெட்மண்டில் இருந்த கிளை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த பால் பிரெய்னெர்ட், உடனிருந்த பொறியாளர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சியாட்டிலில் ஆல்டஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். வெனிஸ் நகரத்தில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூட்டியஸின் பெயர் அது. 1985 ஜூலையில் மேக்கின்டாஷ் கணினிக்காக பேஜ்மேக்கர் வந்தது. விலை 495 டாலர். அதே ஆண்டு ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டர் வந்தது. அதற்குள் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழி இருந்தது. மூன்றும் சேர்ந்தபோது, கோடிக்கணக்கில் முதலீடு போட்டு ஒரு மாடி நிறைய இயந்திரம் வைத்துச் செய்த வேலை ஒரு மேசைக்குச் சுருங்கியது. ‘டெஸ்க்டாப் பப்ளிஷிங்’ என்ற பெயரைப் பரப்பியவர் பிரெய்னெர்ட்தான். நம்மூரில் அது ‘டிடிபி’ ஆனது.

தொண்ணூறுகளில் திருவல்லிக்கேணியிலும் சிவகாசியிலும் டிடிபி போர்டு மாட்டாத தெரு குறைவு. பேஜ்மேக்கர் தெரியும் என்றால் வேலை நிச்சயம். கல்யாணப் பத்திரிகை, கோவில் கும்பாபிஷேக நோட்டீஸ், கவிதைத் தொகுப்பு, கட்சி மலர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில்தான். டைப் அடித்து, லேஅவுட் போட்டு, ட்ரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, தட்டுப் போட அச்சகத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். தமிழ்ப் புத்தகங்களின் இரண்டாம் பக்கத்தில் ‘அச்சுக்கோப்பு’ போய் ‘ஒளியச்சு’ வந்த காலம் அது.

வேடிக்கை என்னவென்றால், பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. கடைசிப் பதிப்பு வரை தெரியவே இல்லை. நாம்தான் அதை ஏமாற்றினோம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்து எழுத்துரு செய்தோம். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினியின் கணக்கில் அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஆங்கிலக் குப்பைக்கு பாமினி என்ற சட்டையை மாட்டினால் திரையில் ‘அம்மா’ தெரியும். சட்டையைக் கழற்றினால் குப்பைதான். பாமினிக்கு ஒரு கணக்கு, ஸ்ரீலிபிக்கு வேறு கணக்கு, வானவில்லுக்கு இன்னொன்று. ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிப்படி எழுத்துகளை அடுக்கியிருந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி ‘டாம்’, ‘டாப்’ என்று அரசு தரம் கொண்டுவந்ததும், 2010 ஜூனில் யூனிகோடை ஏற்று ஆணையிட்டதும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். அதற்குள் இருபது வருடத் தமிழ் நூல்கள் குழப்பத்துக்குள்ளேயே அச்சாகி முடிந்திருந்தன.

ஆக, தமிழ்ப் பதிப்பாளரின் சிடிக்கு இரண்டு பூட்டு. வெளிப்பூட்டு பேஜ்மேக்கர்; உள்பூட்டு எழுத்துரு. ஃபைலைத் திறக்க ஆள் கிடைத்தாலும், அன்று எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்பது அந்த ஆப்பரேட்டருக்குத்தான் வெளிச்சம். அவர் இப்போது ரியல் எஸ்டேட்டில் இருக்கலாம்.

ஆல்டஸை அடோபி 1994-ல் வாங்கியது. அதற்குமுன்பே குவார்க் எக்ஸ்பிரஸ் என்ற போட்டியாளர் பத்திரிகை அலுவலகங்களில் பேஜ்மேக்கரைப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. குவார்க்கை வெல்ல, பழைய வீட்டை இடிக்காமல் பக்கத்திலேயே புதிய வீடு கட்டினார்கள். 1999-ல் வந்த இன்டிசைன் அதுதான். பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001-ல். 2004-ல், இனி மேம்படுத்தப் போவதில்லை என்று அடோபி சொல்லிவிட்டது. பேஜ்மேக்கர்காரர்கள் மனம் கோணாமல் தாவ வேண்டும் என்று, பழைய விசைப்பலகைக் குறுக்குவழிகளோடு இன்டிசைனின் தனிப் பதிப்பு ஒன்றையும் அந்த ஆண்டே விற்றது. நியாயமாகச் சொன்னால், அது மரியாதையான வழியனுப்புதல்தான். இன்டிசைன் நல்ல மென்பொருள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனாலும் கை கேட்காது. கன்ட்ரோல்-ஈ அடித்தால் மேட்டர் மட்டும் தனியே திறக்க வேண்டும், பத்தியின் அடியில் சிவப்பு முக்கோணம் தெரிந்தால் இன்னும் மேட்டர் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம் என்பதெல்லாம் விரலுக்குள் போய்விட்ட அறிவு. ஒரு தையற்காரரிடம் அவருடைய பழைய உஷா மெஷினைப் பிடுங்கிக்கொண்டு, இருபது விதத் தையல் போடும் மெஷினைக் கொடுத்தாலும், முதல் மாதம் அவர் கட்டைவிரல் நூலைத் தேடிக் காற்றில் அலையத்தான் செய்யும். தீபாவளிக்கு முந்தைய மாதமாக அது இருந்துவிட்டால் அவர் பிழைப்பு என்னாவது?

கோர்ட்டுக்குப் போன ஓவியர்கள்

பேஜ்மேக்கரின் சாவு இயற்கைச் சாவு என்றால், ஃப்ரீஹேண்ட் விஷயத்தில் போஸ்ட்மார்ட்டம் கேட்டார்கள் பயனர்கள்.

ஃப்ரீஹேண்ட், கோடுகளால் படம் வரையும் மென்பொருள். அடோபியின் இல்லஸ்ட்ரேட்டருக்கு நேர்ப் போட்டி. டெக்சஸைச் சேர்ந்த ஆல்ட்சிஸ் அதை உருவாக்க, ஆல்டஸ் 1988 முதல் விற்றது. ஆல்டஸை அடோபி வாங்கப் போகிறது என்றதும் ஆல்ட்சிஸ் வழக்குப் போட்டது: எதிரியின் கையில் என் பிள்ளையைக் கொடுப்பதா? அமெரிக்காவின் வர்த்தக ஆணையமும் தலையிட்டது. இரண்டு பெரிய வரைகலை மென்பொருள்களும் ஒரே முதலாளியிடம் போனால் போட்டி செத்துவிடும் என்று சொல்லி, ஃப்ரீஹேண்டை ஆல்ட்சிஸிடமே திருப்பிக் கொடுக்க வைத்தது. அடுத்த பத்து ஆண்டுக்கு இப்படிப்பட்ட மென்பொருளை ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அடோபி வாங்கக் கூடாது என்றும் 1994-ல் கட்டுப்பாடு போட்டது. ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா வாங்கிக்கொண்டது.

பத்து வருடம் முடிந்தது. 2005 ஏப்ரலில், மேக்ரோமீடியாவையே சுமார் 340 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கைமாறியது. 2007 மே மாதம், ஃப்ரீஹேண்டை இனி மேம்படுத்த மாட்டோம், இல்லஸ்ட்ரேட்டருக்கு வாருங்கள் என்றது அடோபி. கதையை இப்படி வரிசையாகச் சொன்னாலே போதும். ஓவியர்களுக்கு ஏன் வயிறு எரிந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஃப்ரீஹேண்ட்காரர்களின் விசுவாசத்துக்குக் காரணங்கள் இருந்தன. ஒரே ஃபைலில் பல பக்கங்கள் வைத்துக்கொள்ளலாம்: லோகோ ஒரு பக்கம், லெட்டர்ஹெட் ஒரு பக்கம், விசிட்டிங் கார்டு ஒரு பக்கம். இல்லஸ்ட்ரேட்டரில் அந்த வசதி 2008-ல்தான் வந்தது. அதாவது, எதிரியைப் புதைத்த அடுத்த ஆண்டு. இதைத் தற்செயல் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

‘ஃப்ரீ ஃப்ரீஹேண்ட்’ என்று பெயர் வைத்து அமைப்புக் கட்டினார்கள். ஃப்ரீஹேண்டை விடுதலை செய் என்று பொருள். 2011 மே மாதம் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஏகபோகத் தடைச் சட்டத்தின்படி அடோபி மீது வழக்கு. தங்களுக்குப் பிடித்த பொருளை ஒரு கம்பெனி நிறுத்திவிட்டது என்பதற்காக ஓவியர்கள் கூட்டம் கோர்ட் படியேறியது அபூர்வம். வழக்கை மொத்தமாகத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற அடோபியின் கோரிக்கையை 2012-ல் நீதிபதி முழுதாக ஏற்கவில்லை. விசாரணை நடந்திருந்தால், கைவிடப்பட்ட மென்பொருளின்மீது பயனருக்கு என்ன உரிமை என்பதற்கு ஒரு தீர்ப்பாவது கிடைத்திருக்கும். அதற்குமுன் அதே ஆண்டில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. ஃப்ரீஹேண்ட் திரும்பி வரவில்லை. இதற்கிடையே, 2011 ஜூலையில் ஆப்பிள் வெளியிட்ட ‘லயன்’ இயங்குதளத்தில், மேக் கணினிகளில் ஃப்ரீஹேண்ட் ஓடுவதும் நின்றுபோயிருந்தது.

ஒரே நாளில் மாறிய எடிட் ரூம்

மெதுவாகச் சாகடிப்பது அடோபி பாணி என்றால் ஆப்பிள் பாணி வேறு. 2011 ஜூன் 21. அதன் படத்தொகுப்பு மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வெளியானது. விலை 299 டாலர். பழையதைவிட மிகக் குறைவு. அன்றே பழைய ஃபைனல் கட் ப்ரோ 7 கடையிலிருந்து இறங்கியது.

ஹாலிவுட்டிலிருந்து சென்னை எடிட் ரூம்கள் வரை அந்தப் பழைய மென்பொருளில் படங்கள் பாதி வெட்டிய நிலையில் இருந்தன. புதியது அந்தப் பழைய ப்ராஜெக்ட்டுகளைத் திறக்காது. ஆப்பிளின் சொந்த மென்பொருளில் செய்ததை ஆப்பிளின் புதிய மென்பொருளே திறக்காது என்பதை முதலில் யாரும் நம்பவில்லை. பல கேமரா காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டும் மல்டிகேம் இல்லை. சவுண்ட் எஞ்சினியருக்கு அனுப்பும் ஓஎம்எஃப் இல்லை. கலர் கரெக்‌ஷனுக்கு அனுப்பும் இடிஎல் இல்லை. எடிட்டர் தனித் தீவில் வேலை செய்வதில்லை. அவர் மேசையிலிருந்து படம் நான்கு பேரிடம் போய்த் திரும்ப வேண்டும். அந்த நான்கு வழியும் அடைபட்டிருந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் கோனன் ஓ’பிரையன் நிகழ்ச்சியின் எடிட்டர்கள் புதிய மென்பொருளைக் கிண்டலடித்து ஒரு வீடியோ செய்து, நிகழ்ச்சியிலேயே ஓட்டினார்கள். ஒரு மென்பொருளின் குறையை வைத்து இரவு நேரக் காமெடி! ஆப்பிள் சிலருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சில மாதங்களில் விட்டுப்போனவற்றில் பலவும் வந்து சேர்ந்தன. மல்டிகேம் 2012 ஜனவரியில் வந்தது. இன்று அந்த மென்பொருளை விரும்பிப் பயன்படுத்துகிறவர்களும் ஏராளம். ஆனால் அந்த ஏழு மாதத்தில் பலர் அவிட், பிரீமியர் போன்ற போட்டி மென்பொருள்களுக்குப் போய்விட்டார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 2014 ஜூனில், புகைப்படக்காரர்களின் முறை. ‘அப்பர்ச்சர்’ நிறுத்தப்படுகிறது என்றது ஆப்பிள். இதில் ஒரு நுட்பமான கொடுமை உண்டு. அப்பர்ச்சரில் போட்டோவைத் திருத்தினால், மூலப் படம் அப்படியே இருக்கும். ‘வெளிச்சத்தை இவ்வளவு ஏற்று, நிழலை இவ்வளவு குறை’ என்ற செய்முறைக் குறிப்பு மட்டும் பக்கத்தில் சேமிக்கப்படும். பிரமாதமான ஏற்பாடு. ஆனால் ஆப்பிளுக்கு வெளியே அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த சமையல்காரர் இல்லை. வேறு கம்பெனி மென்பொருளுக்குப் போனால் அரிசியும் பருப்பும் வரும், சாம்பார் வராது. பத்து வருடக் கல்யாண ஆல்பங்களை மறுபடி முதலிலிருந்து திருத்த யாரிடம் நேரம் இருக்கிறது? 2019 அக்டோபரில் வந்த ‘கேடலினா’ இயங்குதளத்தில் அப்பர்ச்சரும் சரி, ஃபைனல் கட் ப்ரோ 7-உம் சரி, திறக்கவே திறக்காது.

‘ஜுராசிக் பார்க்’ டைனோசர்களுக்கு உயிர் கொடுத்த சாஃப்ட்இமேஜ் என்ற அனிமேஷன் மென்பொருளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மான்ட்ரியாலில் 1986-ல் பிறந்தது. 1994-ல் மைக்ரோசாஃப்ட், 1998-ல் அவிட், 2008-ல் ஆட்டோடெஸ்க் என்று வாடகை வீடு மாறுவதுபோல முதலாளி மாறியது. மாயா, 3டிஎஸ் மேக்ஸ் என்ற இரண்டு அனிமேஷன் மென்பொருள்களை ஏற்கெனவே கையில் வைத்திருந்த ஆட்டோடெஸ்க், 2014 மார்ச்சில், அடுத்து வரும் பதிப்போடு சரி என்றது. மூன்று பிள்ளைகளில் கடைசியாக வந்த பிள்ளை.

செத்தது ஓடுகிறது

இனிமேல்தான் எனக்கு உறுத்தும் விஷயம்.

ஈய எழுத்துக் காலத்தில், எழுத்து வார்க்கும் ஃபவுண்டரி மூடிவிட்டால் புதிய எழுத்து கிடைக்காது. அவ்வளவுதான். கேஸில் இருக்கும் எழுத்து நம்முடையது, தேயும்வரை கோக்கலாம். டிரெடில் மெஷின் செய்த கம்பெனி எந்த நாட்டில் எப்போது மூடியது என்றுகூட அச்சகக்காரருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு எண்ணெய் விட்டு மிதித்துக்கொண்டிருப்பார். செய்தவன் செத்தாலும் பொருள் வாழும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மென்பொருளிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. பேஜ்மேக்கர் 7.0 சீரியல் நம்பர் மட்டும் கேட்கும். யாரையும் போன் போட்டு அனுமதி கேட்காது. அதனால்தான், நிறுத்தி இருபது ஆண்டு கடந்த பிறகும், பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றை இன்டர்நெட்டே காட்டாமல் மூலையில் போற்றி வைத்திருக்கும் அச்சகங்களில் அது ஓடுகிறது.

அதற்குப் பின் வந்தவைதான் நிற்கின்றன. 2003-ல் போட்டோஷாப் சிஎஸ்-ஸில் ‘ஆக்டிவேஷன்’ நுழைந்தது. கணினியில் ஏற்றினால், கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு ‘இவர் காசு கொடுத்தவர்தானா?’ என்று கேட்டு, அது தலையசைத்தால்தான் முழுதாக வேலை செய்யும். சர்வரை நிறுத்திவிட்டால்? 2013 தொடக்கத்தில் சிஎஸ்2-க்கு அதுதான் நடந்தது. அடோபி, ஆக்டிவேஷன் தேவைப்படாத பிரதியைத் தரவிறக்கத்துக்கு வைத்துச் சமாளித்தது. நல்ல காரியம். ஆனால் அது அவர்கள் மனமிரங்கிச் செய்தது. நாம் உரிமையோடு கேட்டு வாங்கியது இல்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மூரில் ஓடிய பேஜ்மேக்கர்களில் காசு கொடுத்து வாங்கியவை எத்தனை என்று ரிச்சி தெருவையும் பர்மா பஜாரையும் கேட்டால் தெரியும். ‘நான் வாங்கிய பொருள்’ என்று உரிமை பேசும்போது நம்மில் பலருக்குக் குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் ஆக்டிவேஷன் பூட்டு யாரை அடைத்தது என்று பாருங்கள். திருட்டுப் பிரதிக்காரர் பூட்டை உடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். பில் போட்டு வாங்கியவர்தான் வாசலில் நிற்கிறார்.

2013 மே மாதம் அடோபி கடைசி அடியை எடுத்து வைத்தது. தன் மென்பொருள்களில் சிஎஸ்6-தான் கடைசியாக விற்கும் பதிப்பு, இனி வரும் புதியவை மாத வாடகைக்கு மட்டும்தான் என்றது. பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள்; அசையவில்லை. வாடகை வீட்டின் சட்டங்கள் சீக்கிரமே தெரிந்தன. 2019 மே மாதம், பழைய பதிப்புகளைப் பயன்படுத்தும் சந்தாதாரர்களுக்கு அடோபியிடமிருந்து கடிதம் போனது: அந்தப் பதிப்புகளைப் பயன்படுத்த உங்களுக்கு இனி உரிமம் இல்லை, தொடர்ந்தால் மூன்றாம் தரப்பினர் உங்கள்மேல் உரிமை மீறல் புகார் கொண்டுவரக்கூடும். மாதாமாதம் ஒழுங்காகக் காசு கட்டுகிறவர்களுக்குத்தான் இந்தக் கடிதம். அதே ஆண்டு அக்டோபரில், அமெரிக்க அரசின் உத்தரவைக் காட்டி, வெனிசுலா நாட்டுக்காரர்களின் கணக்குகளையெல்லாம் முடக்கப்போவதாக அறிவித்துப் பிறகு பின்வாங்கியது. ஒரு நாட்டின் அத்தனை டிசைனர்களும் மூன்று வாரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனிகளின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இயங்குதளம் மாறுகிறது, சிப் மாறுகிறது, முப்பது வருடத்துக்கு முன் எழுதிய நிரலைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஆயிரம் பேருக்காக ஒரு படையை வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. சரி, நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஃபைலின் உள்ளமைப்பு இதுதான் என்று ஒரு ஆவணத்தை வெளியிட்டுவிட்டுப் போவதில் என்ன நஷ்டம்? விற்பதே இல்லை என்று ஆன பொருளில் என்ன தொழில் ரகசியம்?

ஒரே ஒரு பாலம்

தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிப் பதிப்பாளர்களுக்கு மட்டும் நேர்ந்த ஒரு விசித்திரம் உண்டு. அதிகம் பேர் கவனித்ததாகத் தெரியவில்லை.

பேஜ்மேக்கர் ஃபைல்களை இன்டிசைன் திறக்கும் என்ற வசதி சிஎஸ்6 வரைதான் இருந்தது. அடுத்து வாடகைக்கு வந்த சிசி பதிப்பில் எடுத்துவிட்டார்கள். மறுபுறம், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் யூனிகோடை இன்டிசைன் ஒழுங்காகக் கையாளத் தொடங்கியதே 2012-ல் வந்த அந்த சிஎஸ்6-ல்தான். அதற்குமுன், கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ உடைந்து கிடக்கும். ஆக, பழைய பாமினி உலகையும் புதிய யூனிகோடு உலகையும் ஒருசேரத் தெரிந்த இன்டிசைன் சிஎஸ்6 ஒன்றுதான். ஆற்றின் நடுவே ஒரே பாலம். ஓராண்டில் அதற்கு அடுத்த பதிப்பு வந்துவிட்டது. 2017 தொடக்கத்தில் சிஎஸ்6 விற்பனையும் நின்றது. நம் பதிப்பகங்களில் பலவும் பேஜ்மேக்கரைக் கைவிட்டு யூனிகோடுக்கு வர ஆரம்பித்தபோது பாலத்தைக் காணோம்.

உள்பூட்டும் இன்னும் இறுகியது. போஸ்ட்ஸ்கிரிப்ட் காலத்து ‘டைப் 1’ எழுத்துருக்களை 2023 ஜனவரியோடு அடோபி மென்பொருள்கள் ஏற்பதை நிறுத்தின. உலகமெங்கும் டிசைனர்கள் காசு கொடுத்துச் சேர்த்து வைத்திருந்த எழுத்துருக் களஞ்சியங்கள் ஒரு அப்டேட்டில் மெனுவிலிருந்து மறைந்தன. டைப் 1 கண்டுபிடித்ததே அடோபிதான்.

வழி இல்லாமல் இல்லை. யாரும் சம்பளம் கொடுக்காத தொண்டர்கள் பேஜ்மேக்கர் ஃபைலை பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்து, அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அதன் பயனாக, 2015 தொடக்கத்தில் வந்த லிப்ரே ஆஃபீஸ் 4.4 முதல் அந்த ஃபைல்களை இலவசமாகவே திறந்து பார்க்கலாம். பக்கம் அப்படியே வராது, லேஅவுட் கலையும். ஆனால் மேட்டர் கிடைக்கும். அந்த எம், கே, அரைப்புள்ளிக் குப்பையை யூனிகோடு தமிழாக்க, நம்மவர்கள் செய்து இலவசமாகக் கொடுத்த பொங்குதமிழ் மாற்றி இருக்கிறது, என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது. கம்பெனிகள் பூட்டிவிட்டுப் போன இரண்டு பூட்டையும் திறந்தது ஊர் பேர் வெளியே தெரியாத ஆட்கள். மறுபடி டைப் அடிக்கக் கொடுப்பதற்குமுன், தயவுசெய்து ஒருமுறை இந்த வழியை முயன்று பாருங்கள்.

அடுத்த தேதியும் குறித்தாகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரை 2026 அக்டோபரோடு நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. பெரிய டிசைனர்கள் அதைத் தொட மாட்டார்கள். பள்ளி ஆண்டு மலர், சங்கச் செய்திமடல், சர்ச் அறிவிப்புத் தாள் போன்றவற்றை அதில் செய்து வைத்திருப்பவர்கள் உண்டு. மாதச் சந்தாவில் வைத்திருப்பவர்களால் அந்தத் தேதிக்குப் பிறகு தங்கள் ‘பப்’ ஃபைல்களைத் திறக்க முடியாது. அதற்குள் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆகவோ வேர்டு ஃபைலாகவோ மாற்றிக்கொள்ளச் சொல்கிறது கம்பெனி.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய சிடி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஃபைலோடு எழுத்துருவையும் சேர்த்துக் காப்பி எடுங்கள். அன்று டைப் அடித்த ஆப்பரேட்டரின் போன் நம்பர் இருந்தால், எந்த எழுத்துரு என்று இப்போதே கேட்டு அந்த சிடியின் மேலேயே எழுதி வையுங்கள்.